மிஸ்ஸி ஒட்டிய எண்கள்

மிஸ்ஸியின் வீட்டில் உப்பு டப்பாவின் மேல் ‘உப்பு’ என்று எழுதி ஒட்டியிருக்கும். இது பல வீடுகளில் உள்ளதுதான். ஆனால் அந்த டப்பா உட்காரும் பலகையின் மேலும் ‘உப்பு’ என்று ஒட்டியிருப்பார். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்திருக்கும் நேரத்தில் வேறு எதையாவது கொண்டுவந்து அங்கே வைத்துவிடக் கூடாதாம். குடைக்கு ஒரு சீட்டு, குடை மாட்டும் ஆணிக்கு ஒரு சீட்டு. வெளி விளக்கின் சுவிட்சுக்கு ‘வாசல்’. எதையும் எரியவைக்காத ஒரு சுவிட்சு சுவரில் இருந்தது. அதற்கு ‘இது இல்லை’.

“இதெல்லாம் யாருக்கு மிஸ்ஸி? வீட்டுல நீங்க ஒருத்தர்தானே?” என்று கேட்டிருக்கிறேன்.

“எனக்கு ஒடம்பு முடியாமப் போயி, பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா வந்து காப்பி கலக்கறாங்கன்னு வெச்சிக்குங்க. சீனி எங்க, உப்பு எங்கன்னு என்னையப் போட்டு எழுப்பக் கூடாது பாருங்க.”

அதனால்தான் ஒவ்வொரு சீட்டிலும் தமிழுக்குக் கீழே மலாயிலும் எழுதியிருந்தார்.

எங்கள் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். கோலா சாவா பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தவர், அந்த ஆஸ்பத்திரியை மூடும்வரை அங்கேயே இருந்தார். தோட்டத்தின் ஒரு பக்கத்தை வீடமைப்புக்கு விற்றபோது, அங்கே எழுந்த தாமான் குடியிருப்பில் அவருக்கு ஒரு வீடு, இரண்டு வீடு தள்ளி எனக்கு ஒன்று. இப்போது அவர் இல்லை. அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய மகளுக்கு அது பிடிக்காது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்லமுடியும். அந்த வீட்டார் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை சரியாக விளங்கவில்லை.

அவரைப் பற்றித் தோட்டத்தில் ஒரு கதை உண்டு. மருந்தறையில் ஒரு பாட்டிலின் சீட்டு ஈரத்தில் கழன்று விழுந்துவிட்டது. மருந்து கலக்கும் டிரஸ்ஸர் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, “இது இருமல் மருந்து மிஸ்ஸி, சீட்டு எழுதி ஒட்டிடுங்க” என்றார். மிஸ்ஸி பாட்டிலை வாங்கிக்கொண்டு வெளியே போய், முழுவதையும் சாக்கடையில் ஊற்றிவிட்டு, கழுவிய பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். “மோந்து பாத்தா மருந்து குடுக்குறது? பேர் இல்லாதத நான் தொடமாட்டேன்.” டிரஸ்ஸர் மானேஜரிடம் புகார் சொன்னார். மானேஜர் கூப்பிட்டுக் கேட்டபோதும் அவர் இதையேதான் சொன்னாராம், ஒரு சொல் கூட்டாமல்.

இன்னொருவரைக் கூப்பிட்டுக் கேட்கும்படி எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே கொள்கை. சீட்டுகள் அதற்காகத்தான். தப்பித்தவறி யாரிடமாவது உதவி வாங்கிவிட்டால் அது அவரிடம் ஒரு நாளுக்கு மேல் தங்காது. ஞாயிற்றுக்கிழமை நான் அவருக்காகக் காரோட்டினால் திங்கள் காலை என் கேட்டில் மூடிபோட்ட பாத்திரம் தொங்கும். இடியாப்பம், சம்பல், சில நாள் புட்டு. பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாதென்று ஒருமுறை என் மரத்து மாங்காய்களைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டே நாளில் அவை ஊறுகாயாகத் திரும்பி வந்தன. என் மனைவி உயிரோடிருந்தபோது சொல்வாள்: “அந்தம்மாவ யாராலயும் முந்த முடியாது. விட்டுருங்க.”

அவள் போனபிறகு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தால் ஒன்றும் நினைவில் இல்லை. அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் வெளியூரில். பேப்பரை முழுவதும் படிப்பேன், படித்தது எதுவும் தங்காது. வாரத்தில் எனக்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதுவும் மிஸ்ஸியின் கிட்டார் பெட்டியால்.

அவருடைய மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து அம்மாவுக்குக் கப்பலில் ஒரு பெடல் ஸ்டீல் கிட்டார் அனுப்பியிருந்தார். மடியில் வைத்து இரும்புக் கட்டையைத் தந்தியில் வழுக்கி வாசிக்கும் ஹவாய் கிட்டாரை மிஸ்ஸி சின்ன வயதிலேயே தன் அப்பாவிடம் பழகியிருந்தார். அப்பா துரைமார் கிளப்பில் வாசித்தவர். ஆனால் வந்து இறங்கியது வேறு விதம். மேசைபோல நாலு கால். கீழே ஒரு குறுக்குச் சட்டத்தில் மூன்று பெடல்கள். பெடலிலிருந்து மெல்லிய இரும்பு ராடுகள் மேலே போய்க் கிட்டாரின் அடிவயிற்றில் மாட்டிக்கொள்ளும். பெடலை மிதித்தால் ராடு தந்தியை இழுக்கும், சுரம் வழுக்கிக்கொண்டு மேலேறும். எழுபதை நெருங்கும் வயதில் அதை அவர் தனியாகவே உட்கார்ந்து பழகினார். அவர் போகும் சின்ன தேவாலயத்தில் பாட்டுக்கு வாசிப்பார். கிறிஸ்தவர் வீட்டுச் சாவுக்கும் கல்யாணத்துக்கும் கூப்பிடுவார்கள்.

வெளியே கொண்டுபோக வேண்டுமென்றால் அத்தனையையும் கழற்றிப் பெட்டியில் போட்டு, போன இடத்தில் மறுபடி பூட்டவேண்டும். பூட்டும் முறையும் விசித்திரமானது. கிட்டாரைப் பெட்டிக்குள் குப்புறக் கிடத்தியபடியே கால்களைத் திருகி, சட்டத்தை மாட்டி, பிறகு தூக்கி நிமிர்த்தி, கடைசியில் ராடுகளை மாட்டவேண்டும். மூன்று ராடும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மிஸ்ஸியின் குட்டைக் காலுக்கு ஏற்றபடி வெட்டி வைத்ததால் நீளத்தில் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். நீளமானது குட்டையானதன் இடத்துக்குப் போனால் பெடல் தாழ்ந்து தொங்கும்; மிதித்தால் சுரம் ஏறி முடிவதற்குள் பெடல் தரையைத் தொட்டுவிடும்.

இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவரால் பெட்டியைத் தூக்கமுடியாது. எனவே நான்.

ஒரு ஞாயிறு எனக்குக் காய்ச்சல். சொல்லாமல் போனேன். கால்களைத் திருகும்போது கை நடுங்கியதை அவர் பார்த்துவிட்டார். அந்த வாரம் அவர் வீட்டுக்குப் போனபோது கிட்டார் போர்ட்டிகோவில் குப்புறக் கிடந்தது. மிஸ்ஸி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வெள்ளைப் பிளாஸ்திரியைச் சின்னச் சின்னதாகக் கத்தரித்து, மார்க்கர் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார்.

“என்னா மிஸ்ஸி, அடிபட்டுருச்சா?”

“பேர் வெக்கிறேன் சார். யாரு வந்தாலும் பூட்டுற மாதிரி.”

கால்களில் ‘முன் இடது’, ‘முன் வலது’ என்று எழுதியிருந்தார். எனக்கு ஆசிரியர் புத்தி. “இடது மாறியிருக்கே. வாசிக்கிறவங்க உக்காந்து பாத்தா இது வலது பக்கம்தானே?”

“அது உக்காரும்போது. இப்ப குப்புறப் படுத்திருக்குல்ல?”

“படுத்தாலும் பாக்குற நமக்கு...”

“பாக்குறவங்க இடது யாருக்கு சார் வேணும்? நோயாளியோட இடதுதான் இடது. நிமிர்ந்து படுத்தாலும் குப்புறப் படுத்தாலும் அவன் இடது கை அவன் இடது கைதான். மாத்தி ஊசி போட்டா என்னா ஆகும்?”

“கிட்டாருக்கு ஏது மிஸ்ஸி இடது கை?”

“இப்பத்தான் குடுத்தேன்” என்று தந்திகளைத் திருகும் பக்கத்தைக் காட்டினார். “இது தலை. இப்ப சொல்லுங்க.”

நான் குனிந்து, சுற்றி வந்து, தலையை அந்தப் பக்கம் வைத்து மனதுக்குள் படுத்துப் பார்த்தேன். ஒருமுறை சரியாக வந்தது, மறுமுறை மாறியது. “எனக்குப் பெனிங்கா இருக்கு மிஸ்ஸி” என்றேன். தலை சுற்றுவதற்கு நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவருக்கே குழப்பம் வந்ததோ என்னவோ, இடது வலதை எல்லாம் உரித்துப் போட்டுவிட்டு எண்களாக எழுதினார். காலில் ஒன்று, கால் இறங்கும் துளையின் ஓரத்தில் அதே ஒன்று. ராடில் ஒன்று, பெடலில் ஒன்று, அடிவயிற்றுக் கொக்கியில் ஒன்று. கால்களுக்குக் கறுப்பு மை, ராடுகளுக்குச் சிவப்பு. எண் எல்லா இனத்தவருக்கும் தெரியும் என்றார்.

சோதித்துப் பார்க்காமல் அவர் எதையும் விடமாட்டார். கேஸ் சிலிண்டர் போடவந்த ஆளைப் பிடித்துக்கொண்டார். பெரிய மீசைக்காரர், கிட்டாரை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

“மிஸ்ஸி, இது கட்டிலா, தையல் மெஷினா?”

“வாய மூடிக்கிட்டு நம்பரப் பாருலா.”

“ஒடைஞ்சா என்னையச் சொல்லக்கூடாது.”

“ஒடைச்சா ஒனக்கும் ஒரு நம்பர் ஒட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன்.”

மிஸ்ஸி கைகளைக் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு சொல் உதவவில்லை. நான் வாயைத் திறக்கப்போனபோது கையால் தடுத்தார். மீசைக்காரர் ஒன்றை ஒன்றில் விட்டு, இரண்டை இரண்டில் விட்டு, நிமிர்த்தி, ராடுகளை மாட்டி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டார். மிஸ்ஸி உட்கார்ந்து பெடலை மிதித்தார். சுரம் சுத்தமாக ஏறி நின்றது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தோடு என் பக்கம் திரும்பினார்.

“இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்ல சார். சர்ச்சு வேன்ல ஏத்திவிட்டா போதும், அங்க இருக்கிறவங்களே பூட்டிருவாங்க.”

எனக்கு விடுதலை கொடுப்பதாக நினைத்துத்தான் அவர் சொன்னார். இது எனக்கு அன்றே தெரியும். “ரொம்ப நல்லது மிஸ்ஸி” என்றேன்.

மீசைக்காரரின் கையெண்ணெய் பட்டு எண்கள் கலங்கிவிட்டன என்று ராடுகளுக்கு மட்டும் புதுப் பிளாஸ்திரி சுற்றி எழுதினார். அடுத்த ஞாயிறு புக்கிட் பெலண்டோக்கில் ஓர் ஆராதனைக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். என் வீடு மூலை வீடு, வேன் நிற்க வசதி. எனவே சனிக்கிழமை மத்தியானமே பெட்டி என் கூடத்துக்கு வந்துவிட்டது. துடைத்து வைக்கலாம் என்று திறந்தேன். உண்மையாகவே துடைக்கத்தான் திறந்தேன். சிவப்பு ஒன்றும் சிவப்பு இரண்டும் புதிதாக, இறுக்கமில்லாமல், மோதிரம்போல ராடுகளில் இருந்தன. மெல்ல உருவினால் வந்தன. ஒன்றை இரண்டுக்கும் இரண்டை ஒன்றுக்கும் போட்டேன்.

கோபம் இல்லை. அவரைக் கெடுக்கவேண்டும் என்றும் இல்லை. ஒரே ஒரு முறை ராடு சரியாக மாட்டாமல், அவர் போன் செய்து, “சார், கொஞ்சம் வர்றீங்களா?” என்று கேட்கவேண்டும். அவ்வளவுதான். ஞாயிறு காலை குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு, கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போன் வரவில்லை. யாரையாவது கூப்பிடுகிறவராக இருந்தால் அவர் எதற்கு எண் எழுதப்போகிறார்? இது எனக்குத் தோன்றவே இல்லை.

அங்கே நடந்ததை அந்தச் சபையின் பாஸ்டர் பிறகு சொன்னார். சபையார் எண்களைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் பூட்டிவிட்டார்களாம். மிஸ்ஸி நேராக வந்து உட்கார்ந்து முதல் பாட்டைத் தொடங்கியிருக்கிறார். சுரம் ஏறவேண்டிய இடத்தில் ஏறவில்லை, பாதி வழியில் நின்றது. மறுபடி மிதித்தார். மறுபடி பாதியில் நின்றது. பாடுகிறவர்கள் ஒரு சுருதியில், கிட்டார் ஒரு சுருதியில். மிஸ்ஸி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆராதனை முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். கையில் இரண்டு ராடுகள்.

“மாத்தி மாட்டிப் பாத்தேன் சார். சரியா வாசிக்குது. அப்ப நம்பர்தான் தப்பு. நான்தான் தப்பா எழுதியிருக்கேன்.” பிளாஸ்திரியை என் முகத்துக்கு நேரே காட்டினார். “இது என் கையெழுத்துதானே?”

“ஆமா.”

“ஒன்னுன்னு நெனச்சிக்கிட்டு ரெண்டுன்னு எழுதியிருக்கேன். எப்ப எழுதினேன்னு யோசிச்சா சரியாத்தான் எழுதின மாதிரி இருக்கு. அதான் பயமா இருக்கு சார். தப்பு செய்றதுகூடத் தெரியல பாருங்க.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“வயசாச்சுன்னா எல்லாருக்கும் வர்றதுதான் மிஸ்ஸி. எனக்கே எவ்ளோ மறதி தெரியுமா?”

ஆறுதலாகத்தான் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் மெல்லத் தலையாட்டினார், ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கிக்கொள்கிறவர்போல. என் திருட்டுத்தனத்தைவிட இந்த ஆறுதல்தான் அவரைச் சாய்த்தது என்று இப்போது தோன்றுகிறது. சில நாள் அப்படித் தோன்றவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

எங்கள் வரிசையில் சர்க்கரை நோயுள்ள கிழவர்கள் சிலருக்கு மிஸ்ஸிதான் இன்சுலின் போட்டுவந்தார். அந்த வாரமே நிறுத்திவிட்டார். “கிளினிக்குக்குப் போயிருங்க. என் கைய நம்பி யாரும் இருக்க வேணாம்” என்று ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடந்துபோய்ச் சொன்னார். கிட்டாரை புக்கிட் பெலண்டோக் சபைக்கே கொடுத்தார். ஒருநாள் அவர் சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போனேன். பலகைகளில் பிளாஸ்திரி உரித்த தழும்புகள்தான் இருந்தன. உப்பு டப்பாவில் எழுத்தில்லை.

“எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா?”

“தப்பான பேரு இருக்கிறதுக்கு, பேர் இல்லாமலே இருக்கட்டும்” என்றார்.

பிறகு செனாவாங்கில் இருந்த மகள் வந்து அழைத்துக்கொண்டு போனாள். மகள் பலமுறை கூப்பிட்டபோதெல்லாம் வரமாட்டேன் என்று சொன்னவர், இந்தமுறை தானே துணியை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஓட்ட வேலை இல்லாமல் காரை விற்றுவிட்டிருந்தேன். எத்தனையோ முறை சொல்லப் புறப்பட்டு, பஸ் நிறுத்தம்வரை போய்த் திரும்பியிருக்கிறேன். ஒருநாள் போயே விட்டேன். மகள் பேக்டரியில் ஷிப்ட் வேலை. அந்த மத்தியானம் மிஸ்ஸி தனியாக இருந்தார். மெலிந்திருந்தார். என்னை உட்காரவைத்தார். காப்பி கலக்கிக் கொடுக்கவில்லை. “அடுப்புப் பக்கம் நான் போறதில்ல சார், மக வந்து கலக்குவா” என்றார்.

“மிஸ்ஸி, அந்த ராடு விஷயம். நீங்க தப்பா எழுதல. நான்தான் மாத்தி வெச்சேன்.”

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். “எந்த ராடு?”

“பெடல் ராடு. புக்கிட் பெலண்டோக் போறதுக்கு மொத நாளு. பெட்டி எங்க வீட்டுல இருந்துச்சில்ல? ஒன்னையும் ரெண்டையும் உருவி மாத்திப் போட்டேன்.”

“நீங்களா?”

“நான்தான்.”

“எதுக்கு சார்?”

வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். இந்தக் கேள்வியை மட்டும் மறந்திருந்தேன். “நீங்க என்னையக் கூப்பிடணும்னு” என்றேன்.

அவர் சிரித்தார்.

“இதச் சொல்றதுக்கா சார் இந்த வெயில்ல பஸ் ஏறி வந்தீங்க?”

“உண்மையத்தான் சொல்றேன் மிஸ்ஸி.”

“படிச்ச மனுசன், ஸ்கூல்ல சார், பிளாஸ்திரிய உருவி மாத்தி ஒட்டுனாராம், நான் கூப்பிடணும்னு. சொல்றதுதான் சொல்றீங்க, நம்புற மாதிரி சொல்லக்கூடாதா?”

“சபையில கேட்டு அந்த ராட எடுத்துட்டு வரேன். நீங்களே பாருங்க.”

“எடுத்துட்டு வருவீங்க. நீங்களே நம்பரும் ஒட்டி எடுத்துட்டு வருவீங்க. உங்க மனசு எனக்குத் தெரியாதா?” என் கையின் மேல் கையை வைத்தார். அத்தனை வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான். “நான் யார்கிட்டயும் எதுவும் வாங்கினதில்ல சார். இத வாங்கிக்கிறேன். கேக்கவே நல்லா இருக்கு.”

வெளியே மோட்டார் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. மகள் வந்தாள், சீருடையோடு. மிஸ்ஸி அவளைக் கூப்பிட்டு, “சார் என்னா சொல்றாருன்னு கேளு. ராட இவரு மாத்தி வெச்சாராம்” என்றார். குரலில் பழைய தெம்பு இருந்தது. “சரிம்மா, சரிம்மா, கேக்கறேன்” என்றாள் மகள், குழந்தையைச் சமாதானப்படுத்தும் குரலில். நான் இன்னொரு முறை சொல்லவேண்டியதாயிற்று. சொல்லும்போது பதற்றத்தில் எது குட்டை, எது நீளம், எதை எதில் போட்டேன் என்பது எனக்கே குழம்பிவிட்டது.

“ஒன்னுல ரெண்டையா அங்கிள், ரெண்டுல ஒன்னையா?” என்று மகள் மெதுவாகக் கேட்டாள்.

“ரெண்டும் ஒன்னுதானேம்மா... இரு, சொல்றேன்...”

“பரவால்ல அங்கிள். காப்பி குடிங்க.”

கேட் வரைக்கும் கூடவே வந்தாள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் படியிறங்கவிட்டாள்.

“தேங்க்ஸ் அங்கிள். அம்மா சிரிச்சு எவ்ளோ நாளாச்சு தெரியுமா?”

“அது உண்மைம்மா. அம்மாவுக்கு அப்ப ஒன்னும் இல்ல. நான்தான் செஞ்சேன்.”

“தெரியும் அங்கிள்” என்றாள், உள்ளே தன் அம்மாவிடம் பேசிய அதே குரலில். “வீட்டுக்குப் போற பஸ்ஸு எந்தப் பக்கம் நிக்கும்னு தெரியும்ல?”